பார்க்லே–வீசி: மண்ணுக்குள்ளிருந்து பார்த்த கட்டடம்

அப்பா கட்டடத்தை முதலில் பார்க்கவேயில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெர்சி சிட்டியில் பாத் ரயில் ஏறி, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் வந்து, மன்ஹாட்டனின் தென்கோடியில் வெளியே வந்திருந்தோம். வருகிறவர்கள் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற இடம் அது. புதிய உலக வர்த்தக மையக் கோபுரம் 1,776 அடி உயரத்துக்குக் கண்ணாடியாக ஏறிப் போகிறது. அப்பா அதை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வீசி தெருவைக் கடந்ததும் சாலையில் பதிந்திருந்த வட்டமான இரும்பு மூடி ஒன்றின் அருகே நின்றுவிட்டார். அதில் வார்த்திருந்த எழுத்துகளைச் செருப்பு நுனியால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இ.சி.எஸ்.

"இது சாக்கடை மூடி இல்லையம்மா. டெலிபோன் மேன்ஹோல். கீழே கேபிள் போகிற டக்ட் இருக்கிறது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"முப்பத்தோரு வருஷம் இதற்குள்தானே இறங்கி ஏறினேன். பக்கத்தில் எங்கேயோ பெரிய எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, பார்."

அதன் பிறகுதான் தலையை நிமிர்த்தினார். எதிரே பழுப்புச் செங்கல்லில் ஒரு மலை நின்றது. படிப்படியாக உள்வாங்கி, நடுவில் சதுரக் கோபுரமாக எழும்பி, உச்சி வரைக்கும் செங்கல்லே தெரிகிற மலை. வேலைக்குப் போகும் வழியில் அதன் நிழலில் இரண்டு ஆண்டுகள் நடந்திருக்கிறேன். ஏதோ பழைய அலுவலகம் என்றுதான் நினைத்திருந்தேன். அது பார்க்லே–வீசி கட்டடம், நியூயார்க் டெலிபோன் கம்பெனியின் தலைமையகமாகக் கட்டப்பட்டது என்பதை அன்று கைபேசியில் தேடித்தான் அப்பாவுக்குச் சொன்னேன். "அப்படியானால் இது நம் வீடு" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். அன்று தொடங்கிய ஆவல்தான் இந்தக் கட்டுரை.

அப்பா மதுரையில் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்டர். அவர் வேலையைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கட்டடம் புரியும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய தொலைபேசிக் கேபிளை வெட்டிப் பார்த்தால், ஈயக் குழாய்க்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் சுற்றிக் காகிதம். ரப்பர் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, வெறும் காகிதம். இரண்டு கம்பிகள் சேர்ந்த ஜோடிதான் ஒரு பேர் (pair). ஒரு பேர் என்பது ஒரு வீட்டின் தொலைபேசி. காகிதம் உலர்ந்திருக்கும்வரை கம்பிகள் ஒன்றையொன்று தீண்டாமல் தத்தம் பேச்சைச் சுமந்துகொண்டு போகும். ஈயத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் போதும். முதலில் இரைச்சல், பிறகு அடுத்த வீட்டுப் பேச்சு உங்கள் காதில், பிறகு மௌனம். அதனால் ஜாயிண்டர் இரண்டு கேபிள்களை இணைக்குமுன் ஒரு சோதனை செய்வார். காகிதத்தில் ஒரு கீற்றைக் கிழித்து, உருக்கிய மெழுகில் போடுவார். சத்தமில்லாமல் கிடந்தால் உலர்ந்திருக்கிறது என்று பொருள். சடசடவென்று பொரிந்தால் ஈரம் ஏறிவிட்டது. அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு மேலே போக வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஈயக் கூட்டை மூடி, உருகிய பற்றாசைத் துணியால் வழித்து அடைப்பார். அப்பாவின் இடது உள்ளங்கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

நியூயார்க்கில் இந்தக் கம்பிகள் முதலில் மண்ணுக்குள் இல்லை, வானத்தில் இருந்தன. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1876-இல் காப்புரிமை பெற்றார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மன்ஹாட்டனின் நசாவ் தெருவில் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. போட்டிக்கு நின்ற வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியின் தொலைபேசித் தொழிலையும் சேர்த்துக்கொண்டு 1880-இல் மெட்ரோபாலிடன் டெலிபோன் அண்டு டெலிகிராப் கம்பெனி உருவானது. அதுதான் 1896-இல் நியூயார்க் டெலிபோன் கம்பெனி ஆயிற்று. அந்தக் காலத்துப் படங்களில் தெருவே வலைக்குள் சிக்கியதுபோல் தெரியும். சில கம்பங்கள் 90 அடி உயரம். ஒவ்வொன்றிலும் ஏணிபோல் குறுக்குக் கட்டைகள், அவற்றில் தந்திக் கம்பி, தொலைபேசிக் கம்பி, தெருவிளக்குக்கான உயர் மின்னழுத்தக் கம்பி எல்லாம் அடுத்தடுத்து.

கம்பிகளைப் புதைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் 1884-லேயே வந்துவிட்டது. கம்பெனிகள் அசையவில்லை. 1888 மார்ச்சில் பெரும் பனிப்புயல் அடித்துக் கம்பங்களை முறித்துப்போட்டது. பக்கத்து ஊரான பாஸ்டனுக்குச் செய்தி அனுப்ப, அட்லாண்டிக் கடலடித் தந்தி வழியாக இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மறு ஆண்டு மேயர் ஹியூ கிராண்ட் ஆட்களைக் கோடரியோடு அனுப்பிக் கம்பங்களை வெட்டவைத்தார். கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கின. 1889 அக்டோபர் 11 அன்று ஜான் ஃபீக்ஸ் என்ற வெஸ்டர்ன் யூனியன் லைன்மேன், நகர மன்றத்துக்கு அருகே கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் பாய்ந்த கம்பியைத் தொட்டுவிட்டார். மதிய உணவு வேளை. ஆயிரக்கணக்கானோர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் உடல் கம்பிகளுக்கிடையே நெடுநேரம் தொங்கியது. அதன் பிறகு கம்பங்கள் விழுவதை யாராலும் தடுக்க முடியவில்லை. இதைப் படித்துச் சொன்னபோது அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சிறிது நேரம் கழித்து, "எங்கள் செட்டிலும் ஒருவர் போனார்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தெருவுக்கு அடியில் குழாய்ப் பாதைகள் அமைத்துக் கம்பிகளுக்கு வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று 1891-இல் தொடங்கியது. பெயர் எம்பயர் சிட்டி சப்வே. இன்றைக்கு நியூயார்க்கில் சப்வே என்றால் ரயில்தான். ஆனால் இந்தப் பெயர் ரயிலுக்கு முந்தியது. மன்ஹாட்டனின் சுரங்க ரயில் 1904-இல்தான் ஓடியது. அப்பா செருப்பு நுனியால் படித்த மூன்று எழுத்துகள் அந்தக் கம்பெனியுடையவை. தொலைபேசிக் கம்பெனியின் கைக்குள் இருந்த கம்பெனி அது. நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும் அதே பெயரில் அந்தக் குழாய்களை நடத்திக்கொண்டிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் தொலைபேசி வளர்ந்த வேகத்துக்குக் கம்பெனியின் பழைய அலுவலகங்கள் எவையும் ஈடுகொடுக்கவில்லை. கோர்ட்லாண்ட், டே தெருக்கள் என்று ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். எல்லோரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரவும், புதிதாக வந்த தானியங்கி எக்ஸ்சேஞ்ச் எந்திரங்களை வைக்கவும் ஒரு பெரிய கட்டடம் தேவைப்பட்டது. 1922-இல் மன்ஹாட்டனின் பென்சில்வேனியா எக்ஸ்சேஞ்சில் மக்கள் தாங்களே எண்ணைச் சுழற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். 1923-இல் கம்பெனி பார்க்லே, வீசி, வெஸ்ட், வாஷிங்டன் என்ற நான்கு தெருக்களுக்கு நடுவில் இருந்த முழு மனையில் வேலையைத் தொடங்கியது. வாஷிங்டன் மார்க்கெட் என்ற காய்கறிச் சந்தைக்குப் பேர்போன வட்டாரம் அது. மூன்றாண்டுகளில் 32 மாடி, 498 அடி உயரத்தில் கட்டடம் நின்றது. உலகத்திலேயே பெரிய தொலைபேசிக் கட்டடம் என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள்.

வடிவமைத்தவர் ரால்ஃப் வாக்கர். மெக்கென்சி, வூரீஸ் அண்டு மெலின் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். தொலைபேசிக் கட்டடங்கள் கட்டிக் கட்டிக் கைதேர்ந்த நிறுவனம் அது. அதன் மூத்த முன்னோடி சைரஸ் ஐட்லிட்ஸ் பழைய மெட்ரோபாலிடன் கம்பெனி காலத்திலிருந்தே அந்த வேலையைச் செய்தவர். ஆனால் இவ்வளவு பெரிய வேலை வாக்கருக்கு இதுதான் முதல். 1927-இல் நியூயார்க் கட்டடக்கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை இதற்காகவே பெற்றார். ஆர்ட் டெக்கோ என்ற அலங்காரப் பாணியில் நியூயார்க்கில் எழுந்த முதல் வானளாவி என்று இன்று இதைத்தான் சொல்கிறார்கள். கிரைஸ்லர், எம்பயர் ஸ்டேட் எல்லாம் இதற்குப் பிந்தியவை.

வெளியே நின்று பார்க்கிறவர்கள் அதன் படிப்படியான வடிவத்தைப் புகழ்வார்கள். அது 1916-ஆம் ஆண்டு நகர மண்டலச் சட்டத்தின் விளைவு. அதற்கு முந்திய ஆண்டு பிராட்வேயில் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் நேராக ஏறி நின்று தெருக்களை இருட்டில் மூழ்கடித்தது. தெருவுக்கு வெயில் வேண்டும் என்றால் உயரே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. பிற கட்டடக் கலைஞர்கள் இதை ஒரு தொல்லையாக எடுத்துக்கொண்டபோது வாக்கர் அதையே அழகாக்கினார். மனை சரியான செவ்வகம்கூட இல்லை. தெருக்கள் சாய்வாக வெட்டிக்கொள்வதால் அடிப்பகுதி ஓர் இணைகரம்போல் சரிந்திருக்கிறது. கோபுரத்தை மட்டும் அவர் நேராக்கி நிறுத்தினார். அதனால் கீழிருந்து பார்த்தால் கோபுரம் அடித்தளத்தின் மேல் இலேசாகத் திரும்பி நிற்பதுபோல் இருக்கும். இதே பார்க்லே தெருவின் கிழக்குக் கோடியில் 1913-இல் எழுந்த ஊல்வொர்த் கட்டடம் ஐரோப்பியத் தேவாலயம்போல் உடுத்தியிருக்கிறது. வாக்கர் அந்த உடுப்பை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, கொடியும் பூவும் திராட்சைக் குலையும் பறவைகளும் சிறு விலங்குகளுமாகக் கல்லில் ஒரு புதுத் தோட்டத்தை விரித்தார். வாசலுக்கு மேல், நியூயார்க் டெலிபோன் சேர்ந்திருந்த பெல் கம்பெனியின் மணிச் சின்னம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அதன் பருத்த உடல். அந்தக் காலத்துப் பெரிய அலுவலகக் கட்டடங்களில் நடுவே ஒரு திறந்த முற்றம் விட்டிருப்பார்கள், உள்ளறைகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. இங்கே கீழ்த்தளங்களில் அப்படி எதுவும் இல்லை. மனை முழுக்க அடைத்துக்கொண்டு கட்டடம் உட்கார்ந்திருக்கிறது. சாளர ஓரங்களில் மனிதர்கள், வெயில் எட்டாத நடுவயிற்றில் எந்திரங்கள். அழைப்புகளை இணைக்கிற சுவிட்ச் எந்திரத்துக்கு வெளிச்சம் எதற்கு? இதை நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்புபோல் சொன்னபோது அப்பா, "எக்ஸ்சேஞ்ச் என்றால் அப்படித்தானே கட்டுவார்கள்?" என்று கேட்டார். அவர் பார்த்த எல்லா எக்ஸ்சேஞ்ச்களும் நடுவில் இருட்டானவைதான்.

அதற்கும் கீழே ஐந்து அடித்தளங்கள். ஆற்றை ஒட்டி மண் கொட்டி நிரப்பிய நிலம் அது. கெட்டிப் பாறை மிக ஆழத்தில் இருந்தது. அதுவரை தோண்டியே ஆக வேண்டும் என்றபோது, தோண்டிய பள்ளம் முழுவதையும் அறைகளாக்கிக்கொண்டார்கள். ஆற்றுநீரைத் தடுத்துச் சுற்றிலும் சுவர் எழுப்பி, அந்தப் பாதாளத்தில் மின் எந்திரங்களையும் கேபிள் அறையையும் வைத்தார்கள். நகரத்தின் தென்முனையிலிருந்து வரும் ஈயக் குழாய்கள் எல்லாம் தெருவுக்கு அடியிலிருந்து சுவரைத் துளைத்து அந்த அறைக்குள் நுழைந்து, தாங்கிகளில் வரிசை வரிசையாகப் படுத்து, பிறகு செங்குத்தாக மேலேறி, வெளிக் கம்பிகளை எந்திரங்களோடு இணைக்கும் எம்.டி.எஃப். என்ற சட்டகத்துக்குப் போயின. தலைவர் அறையும் கேளிக்கை மண்டபமும் உச்சியில் இருந்திருக்கலாம். கம்பெனியின் உயிர் இருந்தது இந்த அறையில். தொலைபேசிக் கட்டடத்தை அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது இங்கேதான். பின்னாளில் இந்தக் கம்பெனிக்கு வந்த பெருஞ்சேதங்கள் பலவும் அடியிலிருந்தே வந்தன.

கட்டியவர்களுக்கும் இது தெரிந்தேயிருந்தது என்று நினைக்கிறேன். வெஸ்ட் தெருவிலிருந்து வாஷிங்டன் தெரு வரை நீளும் முகப்புக் கூடத்தின் விதானத்தில், அஸ்டெக் ஓட்டக்காரர்களில் தொடங்கித் தொலைபேசி வரை மனிதர் செய்தி அனுப்பிய வரலாறு ஓவியமாக இருக்கிறது. எல்லோரும் படமெடுப்பது அதைத்தான். தரையில் பதித்த வெண்கலத் தகடுகளில் என்ன இருக்கிறது தெரியுமா? நியூயார்க்கின் தொலைபேசிப் பாதைகளை அமைத்த வேலைகள். பள்ளம் வெட்டுவதும் கேபிள் இழுப்பதும். அந்தப் படங்களை அப்பாவுக்குக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் நெடுநேரம் பார்த்தார்.

வீசி தெருப் பக்கம் கட்டடத்தின் அடியில் சுமார் 250 அடி நீளத்துக்கு ஒரு நடைமாடம் ஓடுகிறது. தெருவை அகலப்படுத்துவதற்காக நடைபாதையைக் கட்டடத்துக்குள் இழுத்துக்கொண்ட ஏற்பாடு. அதன் வளைகூரை முழுக்கக் குவாஸ்டாவினோ ஓடுகள். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு குடும்பம் மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டிய வளைவு அது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலும் அவர்கள் கைவேலையைப் பார்க்கலாம். மழை நாளில் அதற்குள் ஒதுங்கி நின்றிருக்கிறேன். கொற்றுவேலைக்காரர்களின் நிதானம் அதில் இருக்கிறது.

கம்பெனியின் கதையில் எல்லாம் பெருமை இல்லை. 1969-இல் அதன் சேவை சரிந்தது. பிளாசா 8 என்ற எக்ஸ்சேஞ்சே அந்தக் கோடையில் திணறி விழுந்தது. நகரத்தின் தொலைபேசித் தேவையைக் குறைத்து மதிப்பிட்டு, பராமரிப்பில் கையைச் சுருக்கியதன் பலன். 1971 ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஏழு மாதம் நின்றார்கள்.

1975 பிப்ரவரி 27 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் வேறொரு கட்டடத்தில், இரண்டாவது அவென்யூவும் 13-ஆவது தெருவும் சந்திக்கும் இடத்து எக்ஸ்சேஞ்சில், தீப்பிடித்தது. எங்கே? அடித்தளத்துக் கேபிள் அறையில். சுமார் 1,70,000 தொலைபேசிகள் ஊமையாயின. மருத்துவமனை, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் எல்லாமே அந்த வட்டாரத்தில் பேச்சிழந்தன. நாடெங்கிலுமிருந்து பெல் கம்பெனிகளின் ஆட்களையும் எந்திரங்களையும் திரட்டி, ஆயிரக்கணக்கானவர்கள் இரவு பகலாக வேலை செய்து, மூன்றே வாரத்தில் இணைப்பை மீட்டார்கள். சாதாரணமாக ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். கேபிள்மீதிருந்த பிளாஸ்டிக் உறை எரிந்து எழுந்த நச்சுப் புகையில் நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்கள் நின்றார்கள். அவர்களில் பலரைப் பின்னாளில் புற்றுநோய் கொண்டுபோனது. இணைப்பு மீண்ட அந்த மூன்று வாரத்தைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கம்பெனியின் பெயர் மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984 ஜனவரி 1 அன்று பெல் தொலைபேசிக் கம்பெனிகளின் குடும்பம் அரசு தொடுத்த வழக்கின் முடிவில் உடைந்தது. நாடு ஏழு வட்டாரக் கம்பெனிகளாகப் பிரிந்தது. நியூயார்க்கும் நியூ இங்கிலாந்தும் சேர்ந்து நைனெக்ஸ் ஆயின. 1997-இல் அது பெல் அட்லாண்டிக்கோடு சேர்ந்தது. 2000-இல் அது வெரைசன் ஆனது. ஆட்கள் போட்டிருந்த தொப்பியில் எழுத்து மாறியது. கேபிள் அதே கேபிள்.

2001 செப்டம்பர் 11. கட்டடத்துக்குத் தெற்கே, வீசி தெருவுக்கு அப்பால், இரட்டைக் கோபுரங்கள். கிழக்கே, வாஷிங்டன் தெருவுக்கு அப்பால், உலக வர்த்தக மையத்தின் 47 மாடி ஏழாம் எண் கட்டடம். காலையில் கோபுரங்கள் சரிந்தபோது பறந்து வந்த இரும்பு உத்திரங்கள் தெற்குச் சுவரைக் குத்திக் கிழித்தன. சில தெருவையே துளைத்துக்கொண்டு கேபிள் அறைக்குள் இறங்கின. மாலை 5.20-க்கு ஏழாம் எண் கட்டடம் விழுந்து கிழக்குச் சுவர்மீது குவிந்தது. அக்கம்பக்கம் எல்லாம் பொடியாகிக் கிடக்க, பார்க்லே–வீசி நின்றது. பின்னர் ஆராய்ந்த பொறியாளர்கள் அந்தப் பழைய கனத்த செங்கல் சுவர்களையும் எஃகுத் தூண்களைச் சுற்றிய கற்கட்டையும் பாராட்டினார்கள். அடி அந்தக் கட்டில் பட்டு அங்கேயே தீர்ந்தது, எலும்புக்கூடு தப்பியது.

ஆனால் அடித்தளம் தப்பவில்லை. உடைந்த குடிநீர்க் குழாய்களின் தண்ணீரும் தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீரும் ஐந்து தளங்களுக்குள்ளும் இறங்கின. லட்சக்கணக்கான இணைப்புகள் அறுந்தன. நியூயார்க் பங்குச் சந்தையின் பேச்சில் பெரும்பங்கு இந்தப் பாதாள அறை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது செப்டம்பர் 17, திங்கட்கிழமை திறந்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. தண்ணீரை இறைத்துக் கீழே வேலை செய்ய நாளில்லை. அப்போது அவர்கள் செய்ததைப் படித்ததும் அப்பாவை உடனே அழைத்துச் சொன்னேன். மேல்மாடிச் சாளரங்கள் வழியாகக் கேபிள்களை வெளியே விட்டார்கள். சுவரை ஒட்டித் தொங்கவிட்டு, தெருவில் கிடத்தி, அப்பாலுள்ள மேன்ஹோல்களில் நல்ல கேபிளோடு இணைத்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு, இன்னும் புகைந்துகொண்டிருந்த இடிபாட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேராக. திங்கட்கிழமை சந்தை திறந்தது.

"ஒவ்வொரு பேராகவா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்! ராத்திரிக்கு வெளிச்சம் இருந்ததா? சாப்பாடு யார் கொடுத்தார்கள்?" என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் படித்த எந்த அறிக்கையும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

சுவரையும் சிற்பங்களையும் விதான ஓவியங்களையும் மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின. பிறகு வெரைசன் அதையே மறுபடி தன் தலைமையகமாக்கிக்கொண்டது. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் ஹட்சனைக் கரையேற்றியபோது வெஸ்ட் தெரு ஆறாயிற்று. தண்ணீர் மறுபடியும் அடித்தளங்களுக்குள் போனது. இந்த முறை உப்புத் தண்ணீர். காகிதம் சுற்றிய செம்புக்கு அதற்குமேல் உயிர் இல்லை. கம்பெனி கீழ் மன்ஹாட்டனில் பழைய செம்பைச் சீர்செய்யாமல் கண்ணாடி இழையைப் போட்டது. கண்ணாடிக்குள் போவது ஒளி. வெளியே தண்ணீர் நின்றாலும் அதற்குப் பொருட்டில்லை.

எந்திரங்களும் இதற்குள் சுருங்கியிருந்தன. ஒரு மாடியை அடைத்துக்கொண்டிருந்த சுவிட்ச் சில பெட்டிகளுக்குள் வந்துவிட்டது. அமெரிக்க நகரங்களில் பழைய தொலைபேசிக் கட்டடங்கள் அடுத்தடுத்து வீடுகளாக மாறுவதற்கு இதுதான் காரணம்: உறுதியான தரை, உயரமான கூரை, காலியான மாடிகள். 2013-இல் மேல்மாடிகளை ஒரு வீட்டுமனை நிறுவனம் 27.4 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று அதற்கு 100 பார்க்லே என்று பெயர். ஆற்றைப் பார்த்த சொகுசுக் குடியிருப்பு. கீழ்மாடிகள் தொலைபேசிக் கம்பெனியிடமே தங்கின. எனக்கு இதில் வருத்தம் இல்லை. ஆள் குடியிருக்கிற கட்டடம் காப்பாற்றப்படும். 1991-லேயே நகரம் அதன் வெளித்தோற்றத்தையும் முகப்புக் கூடத்தையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்துவிட்டது. விற்பனை விளம்பரங்களில் ரால்ஃப் வாக்கரின் பெயர் பெரிதாக வருகிறது. கேபிள் அறையைப் பற்றி ஒரு வரி இல்லாததுதான் எனக்குக் குறை.

அப்பா ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி அங்கே போக வேண்டும் என்றார். பார்க்லே தெருவில் ஒரு மேன்ஹோல் திறந்திருந்தது. சுற்றிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள், மேலே மஞ்சள் கூடாரம். உள்ளேயிருந்து பழைய கேபிளை இழுத்து, கைநீளத் துண்டுகளாக வெட்டி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கூம்பு வரைக்கும் போய் நின்றுவிட்டார். ஐம்பது வயதிருக்கும் ஒருவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்ன வேண்டும் என்று பார்வையால் கேட்டார். அப்பா ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார், "ஜாயிண்டர்." அது இங்கே வேறு பெயர், அவருக்குப் புரியவில்லை. அப்பா இடது கையைக் குழிவாக வைத்து, வலது கையால் சூடான பற்றாசைத் துணியில் ஏந்தி வழிக்கிற மாதிரி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது? தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கே என்ன தழும்பு இருந்தது என்பது நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரிந்தது. வண்டியிலிருந்து நாலு விரற்கடை நீளத்தில் ஒரு துண்டை எடுத்து, கந்தல் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார். ஈயம், கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

அன்று இரவு பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து அப்பா உட்கார்ந்தார். ஈய உறை சாம்பல் பூத்திருந்தது. குச்சியால் நடுக்கம்பிகளில் ஒன்றைப் பிரித்து எடுத்தார். காகிதம் இளம்பழுப்பில், வெங்காயச் சருகுபோல் மெலிந்து, கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "மெழுகுவர்த்தி இருக்கிறதா அம்மா?" என்றார். பிறந்தநாள் மெழுகுவர்த்திகள்தான் இருந்தன. எட்டையும் ஒடித்து ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு அடுப்பில் உருக்கிக் கொண்டுவந்தேன். அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். காகிதத்தில் ஒரு கீற்றைக் கிழித்து, சாமணத்தால் பிடித்து, மெழுகுக்குள் இறக்கிவிட்டுக் காதை அருகே கொண்டுபோனார். என்னையும் கையசைத்து அழைத்தார். கடுகு தாளிப்பதுபோல், மிகச் சன்னமாக, அது பொரிந்துகொண்டிருந்தது.